வேட்டுச் சத்தத்துக்கு நடுவே பத்து நாள்

முதல் நாள் – பிப்ரவரி 6, 2024

ஷென்சென்னிலிருந்து சாங்ஷாவுக்கு அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரம் போதும். இன்று ஆறு மணி நேரம் ஆனது. ஹுனான், ஹூபெய் மாகாணங்களில் சில நாட்களாக உறைமழை. சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்புகிற கூட்டம் வேறு. பெட்டி முழுக்க மூட்டையும் குழந்தையுமாக, ரயில் நின்று நின்று வந்து சேர்ந்தது. நல்லவேளை, நண்பனின் அக்கா கணவர் கார் எடுத்து வந்திருந்தார். அங்கிருந்து கிழக்கே லியூயாங், அப்புறம் மலைக்குள் ஒரு கிராமம். நானும் நண்பனும் ஷென்சென்னில் ஒரே அலுவலகத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறோம். "இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும்" என்று பிடிவாதமாகக் கூட்டிவந்துவிட்டான்.

முற்றத்தில் கார் நின்றபோது இரவு ஒன்பது மணி. பையை எடுக்கக் குனிந்தேன். ஏழெட்டு அடி தள்ளிச் சரவெடி வெடித்தது. பனிமூட்டத்தில் நெருப்பு தெரிவதற்கு முன்னால் சத்தம்தான் தெரிந்தது. என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப் பின்வாங்கினேன். நண்பனின் அம்மா என் கையைப் பிடித்து வாசலுக்குள் இழுத்துக்கொண்டார். அவனுடைய அப்பா நீளமான மூங்கில் கழியின் நுனியில் சரத்தைக் கட்டித் தூக்கிப் பிடித்து, அது கடைசி வெடி வரை வெடித்து முடியும் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். புகை அடங்கியதும் நண்பன் சொன்னான்: "உனக்காகத்தான் போட்டார். தூரத்திலிருந்து விருந்தாளி வந்தால் போடுவோம்."

தென் சீனத்து வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் வெப்பக் குழாய்கள் கிடையாது. சதுர மேசைக்கு அடியில் கணப்பு, மேசைமேல் கனமான ரஜாய். எல்லோரும் ரஜாய்க்குள் காலை நீட்டி உட்கார்ந்துதான் சாப்பாடு, பேச்சு எல்லாம். நானும் காலை உள்ளே விட்ட பிறகுதான் உயிர் வந்தது. நண்பனின் அம்மாவை நானும் அம்மா என்றே கூப்பிடுகிறேன், அவருக்கும் அது பிடித்திருக்கிறது.

"உன் ஊரிலும் வெடி செய்வார்களாமே?" என்று கேட்டார்.

சாத்தூர் பக்கம் என் ஊர். என் அம்மா பத்தொன்பது வருடம் பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், சரம் பின்னியவள். அதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அவரும் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரம் பின்னியவராம். இந்த வட்டாரத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருக்குமே அந்த வேலை தெரியும் என்றார்.

இரண்டாம் நாள் – பிப்ரவரி 7

விடிகாலை நாலு மணி இருக்கும். ஒரு சரம் வெடித்தது. நீளமில்லை, அரை நிமிடம்கூட இல்லை. அப்புறம் மலை முழுவதும் அமைதி. திரும்பப் படுக்கலாம் என்று போர்வையை இழுத்தேன். அடுத்த அறையில் விளக்கு எரிந்தது. அம்மா எழுந்து வாசல் கதவைத் திறந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் நின்று கவனித்தார். பிறகு உள்ளே திரும்பி அப்பாவிடம் ஏதோ சொன்னார். அவரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஓடைக்கு அந்தப்புறம் ஒரு பெரியவர் பல நாளாகக் கிடையில் இருந்தார். அந்தச் சரத்துக்கு 'லுவோ சி பாவ்' என்று பெயர். மூச்சு அடங்கிய வெடி என்று அர்த்தம். உயிர் பிரிந்ததும் வீட்டு வாசலில் வெடிப்பார்கள். போனும் மெசேஜும் வந்த பிறகும் முதல் தகவல் இன்னும் இந்த வெடிதான். நேரம், திசை, நீளம், இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டாலே ஊருக்கு யார் என்று தெரிந்துவிடுகிறது.

மதியம் நானும் கூடப் போனேன். துக்கம் விசாரிக்கப் போகிற ஒவ்வொரு குடும்பமும் கையில் ஒரு சரம் கொண்டுபோகிறது. இழவு வீட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் நின்று அதைக் கொளுத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டு ஆண்கள் வெளியே வருவார்கள். எங்கள் முறை வந்தது. அப்பா சரத்தைத் தரையில் நேராக விரித்து வைத்து, சிகரெட் நெருப்பால் திரியைத் தொட்டார். அது வெடித்துக்கொண்டிருக்கும்போதே மூத்த மகன் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். பனி உருகிச் சேறாகக் கிடந்த தரையில் அப்படியே மண்டியிட்டார். அப்பா புகைக்குள்ளே ஓடிப்போய் அவரை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

பந்தலில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் ஒவ்வொரு வெடியும் ஒரு குடும்பம் வந்த கணக்கு. நடுவே சுவோனா ஊதினார்கள். நம் நாதஸ்வரத்துக்குத் தங்கை மாதிரி ஒரு குழல், குரல் இன்னும் கூர்மை. எங்கள் ஊரிலும் பெரிய சாவு என்றால் வேட்டு போடுவார்கள், பறை அடிப்பார்கள். ஆனால் எங்களுக்கு அது ஊர்வலத்தின் கூட வருகிற ஒன்று. இங்கே வந்தவரை அறிவிப்பது, வீட்டுக்காரரை வெளியே அழைப்பது எல்லாம் வெடிதான்.

மூன்றாம் நாள் – பிப்ரவரி 8

இன்று தாயாவ். லியூயாங்கின் தெற்கே, வெடித் தொழிலுக்கு வேண்டிய காகிதம், திரி, மருந்து என்று எல்லாம் கைமாறுகிற ஊர். புத்தாண்டு நெருங்கிவிட்டதால் ஆலைகள் மூடிவிட்டன. கடைகள் மட்டும் திறந்திருந்தன. நம் சிவகாசி ரோட்டில் தீபாவளிக்கு முந்தின வாரம் எப்படியோ அப்படி. அதே அட்டைப் பெட்டி வாசம், அதே காகிதப் பசை வாசம். எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்தத் தொழிலுக்கு இங்கே ஒரு ஆதிகுரு உண்டு. லி தியான் என்று பெயர், தாங் வம்ச காலத்தவர் என்கிறார்கள். நோயும் பேயும் பரவிய காலத்தில் மூங்கில் குழாய்க்குள் வெடியுப்பைத் திணித்துக் கொளுத்தி, அந்தப் புகையாலும் சத்தத்தாலும் அவற்றை விரட்டினார் என்பது கதை. தொழில் செய்கிறவர்கள் அவரைத் தெய்வமாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். அவருடைய பிறந்தநாள் சீன நாட்காட்டியின் நாலாம் மாதம் 18ஆம் நாள்.

கடையில் விதவிதமாக இருந்தாலும் பெரும்பாலோர் வாங்குவது ஒரே சரக்குதான். 'தா தி ஹோங்' என்று பெயர், பெரும் பூமிச் சிவப்பு என்று சொல்லலாம். வெடித்து முடிந்த பிறகு தரை முழுவதும் சிவப்புக் காகிதம் விரித்த மாதிரி ஆகும், அதனால் அந்தப் பெயர். வட்டமாகச் சுருட்டி, பெரிய தோசைக்கல் அளவுக்குச் சிவப்புத் தாளில் பொதிந்து அடுக்கியிருந்தார்கள். சரவெடிக்குப் பொதுப்பெயர் 'பியென் பாவ்', சாட்டை வெடி. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் சாட்டை மாதிரி நெளியும், அடி விழுகிற மாதிரியே சத்தமும் வரும். எங்கள் பக்கம் பொடி வெடியைச் சீனிவெடி என்போம். யாழ்ப்பாணத்துத் தோழர் ஒருவர் சீனவெடி என்றே சொல்வார். சொல்லிலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைக்காரரிடம் கேட்டு ஒரு சுருளைப் பிரித்துப் பார்த்தேன். வெடிகள் சுண்டுவிரல் நகத்தைவிட ஒல்லி. நடுவே ஓடுகிற தாய்த் திரியில் இடது ஒன்று, வலது ஒன்றாகக் குட்டித் திரிகளை வைத்து, நூலால் கட்டி இறுக்கியிருந்தது. எங்கும் ஒரே இடைவெளி. அந்தப் பின்னலை மட்டும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து ஊரில் என் அம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் பேசினேன்.

"நெருக்கமா இருக்கேப்பா. நல்லா கை தேர்ந்தவங்க பின்னுனது" என்றாள்.

"மிஷின் பின்னினதும்மா. இங்க இப்ப பாதிக்கு மேல மிஷின்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப அந்தப் பொம்பளைங்கள்லாம் இப்ப என்ன வேலை பாக்குறாங்க?"

கடைக்காரரிடம் கேட்டேன். சிறுசுகள் தெற்கே குவாங்தோங் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள், வயதானவர்கள் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள் என்றார். மிஷின் வந்ததால் மருந்தின் பக்கத்தில் உட்காருகிற ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். அது பெரிய விஷயம். 2019 டிசம்பர் 4ஆம் தேதி இதே லியூயாங்கின் ஒரு சிற்றூரில் ஆலை வெடித்தது. முதலில் ஏழு பேர் என்றார்கள். மறைத்தது வெளியே வந்த பிறகு பதின்மூன்று என்று ஆனது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி எங்கள் முதலிப்பட்டியிலும் பட்டாசு ஆலை வெடித்தது. அன்றைக்கு என் அம்மா வேலைக்குப் போயிருந்தது வேறு ஆலைக்கு. மலைமலையாகப் புகை தெரிந்தது, சாயங்காலம் அவள் வீட்டுக்குள் காலை வைக்கும் வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். இங்கே கடைவீதியில் நடக்கும்போது அந்த நினைப்பு விடவே இல்லை. எந்தச் சத்தத்தைக் கேட்டு ஊர் சந்தோஷப்படுகிறதோ, அதே சத்தம் வேளை கெட்ட வேளையில் கேட்டால் வயிற்றில் நெருப்பு விழுகிற குடும்பங்கள் இரண்டு நாட்டிலும் இருக்கின்றன.

நாலாம் நாள் – பிப்ரவரி 9, வருடக் கடைசி நாள்

காலையில் பெரியவரை அடக்கம் செய்துவிட்டார்கள். புத்தாண்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். ஊர்வலம் மலையடிவாரம் போகிற பாதை நெடுக வெடி. அந்தப் புகை கலைவதற்குள் பக்கத்து வீடுகளில் வருடக் கடைசி விருந்துக்கான வெடி தொடங்கிவிட்டது. துக்கமும் கொண்டாட்டமும் ஒரே சரக்கைத்தான் கொளுத்துகின்றன. வித்தியாசம் எனக்குத்தான் பிடிபடவில்லை, ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு குழப்பமே இல்லை.

இங்கே விருந்துக்கு உட்காரும் முன் வெடி போட வேண்டும். எல்லா வீடும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதில்லை. பகல் பன்னிரண்டுக்கு ஒரு வீடு, இரண்டு மணிக்கு ஒரு வீடு, நாலுக்கு ஒரு வீடு. அம்மா அடுப்படியில் நின்றபடியே, "அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், நாம்தான் லேட்டு" என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். லியூயாங் சமையல் என்றால் ஆவியில் வேகவைப்பது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் புகையில் உலர்த்திய பன்றி இறைச்சி, மீன், பூசணி, முட்டை எல்லாம் அடுக்கி ஒரே பானையில் ஏற்றிவிடுகிறார்கள். மேலே நறுக்கிய மிளகாயும் கறுப்புச் சோயா அவரை ஊறலும். அந்த உறைப்பைச் சாப்பிட்டபோது, இரண்டு வருடத்துக்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் அப்பா ஒரு காரியம் செய்து காட்டினார். முற்றத்து நெருப்பில், இரண்டு பக்கமும் கணு மூடியிருக்கும்படி வெட்டிய பச்சை மூங்கில் துண்டைப் போட்டார். முதலில் பச்சைத் தோல் எண்ணெய் பூசின மாதிரி மினுமினுத்தது. பிறகு வெட்டுவாயில் நீர் நுரைத்துக் கசிந்தது. தோல் மஞ்சளாகி, அங்கங்கே கறுத்தது. நான் குனிந்து பார்க்கப் போனபோது கையால் தடுத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். மருந்தே இல்லை. கணுவுக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து மூங்கிலைப் பிளந்துவிட்டன. வெடிக்கு இன்றும் இன்னொரு பெயர் 'பாவ் ஜூ', வெடிக்கும் மூங்கில். இந்த ஹுனான், ஹூபெய் வட்டாரத்து வழக்கங்களைப் பற்றி ஆறாம் நூற்றாண்டில் எழுதி வைத்த குறிப்பு ஒன்று இருக்கிறது. வருடத்தின் முதல் நாள் சேவல் கூவும்போது எழுந்து, மலைப்பேய்களை விரட்ட முற்றத்தில் மூங்கிலை வெடிக்கச் செய்வார்கள் என்கிறது. வெடிமருந்துச் சரம் வருவதற்குப் பல நூறு வருடம் முன்பே சத்தம் வந்துவிட்டது. அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படித்தவர் இல்லை. அவருடைய தாத்தா செய்து காட்டியதை எனக்குச் செய்து காட்டினார்.

பக்கத்து வீட்டு மருமகள் நிறைமாதம். நடு ராத்திரி வெடிக்கு அவள் பயந்துபோவாளே என்று அம்மாவுக்குக் கவலை. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவே அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தார். இந்த வருடம் முற்றத்தில் வேண்டாம், அறுத்துப் போட்ட வயலின் அந்தக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். யாரும் மறுக்கவில்லை.

தொலைக்காட்சியில் புத்தாண்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே மலைக்கு அந்தப்புறத்து ஊர்கள் தொடங்கிவிட்டன. நாங்கள் வயலுக்கு ஓடினோம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தனித்தனிச் சத்தமாக ஒன்றுமே கேட்கவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் கொதிக்கிற உலை மாதிரி ஒரே இரைச்சல், அது நெஞ்செலும்பில் வந்து முட்டியது. மூன்று பக்கத்து மலையும் அதைத் திருப்பி அனுப்பியது. நாற்பது நிமிடம் குறையவே இல்லை. என் பக்கத்தில் நண்பன் காதைப் பொத்தாமல் நின்றான். அழுதுகொண்டிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. தொற்றுக் காலத்தில் மூன்று புத்தாண்டு அவனால் ஊருக்கு வர முடியாமல் போனது எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் – பிப்ரவரி 10, புத்தாண்டு

மூன்று மணி நேரத் தூக்கம். ஐந்தரைக்குக் கதவு திறக்கிற வெடி, 'காய் மென் பாவ்'. வருடத்தில் முதல் முறையாகத் தலைவாசலைத் திறக்கும்போது போடுவது. வீடு வீடாக, யார் எப்போது எழுந்தார்களோ அப்போது. ஒவ்வொரு வீடும் கண் விழிக்கிற சத்தம் அது.

வெளியே வந்தால் முற்றம் தெரியவில்லை, கணுக்கால் வரை சிவப்புக் காகிதம். பனியில் நனைந்து, சிவப்புச் சாயம் தரையில் ஊறியிருந்தது. துடைப்பத்தைத் தேடினேன். அம்மா பதறிப்போய்த் தடுத்தார். இன்றைக்குப் பெருக்கக் கூடாது, வீட்டுக்கு வந்த செல்வத்தைத் தள்ளிவிடுகிற மாதிரி.

காற்று நன்றாக இல்லை. கந்தக வாடை மதியம் வரை இறங்கவில்லை. ஓடைக்கு அந்தப்புறத்து வீட்டின் கதவில் மட்டும் சிவப்புத் தாள் ஒட்டவில்லை. துக்கம் நடந்த வீட்டில் இந்த வருடம் ஒட்ட மாட்டார்கள்.

வீட்டு நாய் நேற்று இரவு கட்டிலுக்கு அடியில் போனது. இன்று சாயங்காலம்தான் வெளியே வந்தது.

ஆறாம் நாள் – பிப்ரவரி 11

'முதல் நாள் மகன், இரண்டாம் நாள் மருமகன்' என்று ஹுனானில் சொலவடை. இன்று கல்யாணமாகிப் போன பெண்கள் கணவனோடு தாய் வீட்டுக்கு வருகிற நாள். கார் வளைவில் திரும்புவது தெரிந்தாலே அப்பா சரத்தைக் கழியில் மாட்டிவிடுவார். அக்கா வந்தபோது ஒன்று, சித்தி மகள் வந்தபோது ஒன்று, அத்தை குடும்பம் வந்தபோது ஒன்று. ஊர் முழுவதும் இப்படியே பகல் பூராவும். மகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கு மற்ற வீட்டு வெடி ஒவ்வொன்றும் ஒரு ஏக்கம். மேல் வீட்டுப் பாட்டி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு மேல் அந்த வீட்டில் வெடி கேட்டது. அம்மா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா, அவள் வந்துவிட்டாள்" என்றார்.

ஏழாம் நாள் – பிப்ரவரி 12

மழை. தூங்கினேன். பகலில் பத்துப் பதினைந்து சரம் கேட்டிருக்கும், எதற்கும் விழிக்கவில்லை.

எட்டாம் நாள் – பிப்ரவரி 13

அக்கா சாங்ஷாவில் நர்ஸ். ஆறு மாதக் குழந்தையோடு வந்திருக்கிறார். நேற்று இரவு குழந்தை மூன்று முறை வீரிட்டு எழுந்தது. அவருக்கு இந்தச் சத்தத்தின்மேல் உண்மையான கோபம் உண்டு. புத்தாண்டு வாரத்தில் கண்ணில் காயத்தோடும், விரல் போயும் வருகிறவர்களை வருடம் தவறாமல் பார்க்கிறவர். "ஊரில் பிறந்ததால் எனக்கும் இது இல்லாமல் புத்தாண்டு இல்லை. ஆனால் அந்தப் பையன்களின் கையை நான்தான் கழுவி விடுகிறேன்" என்றார். அவரை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

மேசையில் தடையைப் பற்றிய பேச்சு ஓடியது. பெய்ஜிங்கில் 1993இல் தடை போட்டார்கள். ஊமைப் புத்தாண்டு என்று மக்கள் குறைப்பட்டு, 2005இல் தளர்த்தினார்கள். 2009 பிப்ரவரி 9ஆம் தேதி, விளக்குத் திருவிழா இரவில், அரசுத் தொலைக்காட்சியின் புதிய வளாகத்துக் கட்டிடம் வாணவேடிக்கையால் எரிந்தது, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். அப்புறம் புகைமூட்டப் பிரச்சினை. படிப்படியாக இறுக்கி, 2022 முதல் பெய்ஜிங் முழுவதும் தடை. ஷாங்காயில் வெளிவட்டச் சாலைக்குள் 2016 முதல் தடை. இதற்கிடையே போன டிசம்பரில் தேசிய மக்கள் காங்கிரஸின் சட்ட ஆணையம், ஊர் முழுக்க ஒட்டுமொத்தமாகத் தடுப்பது மேல் சட்டத்தோடு பொருந்தவில்லை என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் இந்த வருடம் சத்தம் அதிகம் என்பது மாமாவின் கணக்கு.

எங்கள் மாநிலத்தில் 2018 முதல் தீபாவளிக்குக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று சொன்னேன். சரவெடிக்கே நீதிமன்றத் தடை என்றும் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "அப்படியானால் வீட்டுக்கு யாராவது வந்தால்?" என்று கேட்டார். எங்களுக்கு வெடி என்பது தீபாவளி, திருவிழா, கல்யாணம், பெரிய சாவு, அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "அப்போது உங்களால் நிறுத்திக்கொள்ள முடியும்" என்றார்.

அந்த வாக்கியம் இன்னும் என்னோடு இருக்கிறது. வீடு கட்டி உத்தரம் ஏற்றினால், குடிபுகுந்தால், கடை திறந்தால், பெண் எடுத்தால், பிள்ளை பிறந்தால், வசந்தத்தில் முன்னோர் கல்லறைக்குப் போனால், எல்லாவற்றுக்கும் சரம். அவர்களுடைய தடையும் நம்முடைய தடையும் ஒன்றில்லை. நம்மிடமிருந்து எடுத்தது ஒரு நாள் சந்தோஷத்தில் பாதி. அவர்களிடமிருந்து எடுப்பது ஊரோடு பேசுகிற ஒரு வழி. அக்காவின் குழந்தை தூங்க வேண்டும், பையன்களின் விரல் மிஞ்ச வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகரங்களில் தடை இருக்கட்டும். ஆனால் மூச்சடங்கிய ஒரு கிழவருக்காக விடிகாலையில் வெடிக்கிற அந்த அரை நிமிடச் சரத்தை யாரும் தொடக் கூடாது என்றே நினைக்கிறேன். நாலு வீட்டு வாசலுக்கு நடந்துபோய் அம்மா பேசி முடித்தாரே, அப்படி முடிகிற விஷயம் இது.

ஒன்பதாம் நாள் – பிப்ரவரி 14

புத்தாண்டின் ஐந்தாம் நாள். செல்வக் கடவுளை வரவேற்கிற நாள். ஊர் கடைத்தெருவில் மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை, வண்டிக்கடை எல்லாம் வெடி போட்டுத் திறந்தார்கள். வண்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் திரியைக் கொளுத்தச் சொன்னார். அயல்நாட்டு விருந்தாளி கொளுத்தினால் தூரத்து வியாபாரம் வருமாம். ஊதுபத்தியை நீட்டித் தொட்டேன். எட்டு நாளுக்கு முன் இதே சத்தத்துக்குப் பதறிப் பின்வாங்கினேன். இன்று கடைசி வெடி வரை அங்கேயே நின்றேன்.

மாலை கிளம்பினோம். அம்மா ஒரு பை நிறையக் காய்ந்த மிளகாயும் அவரை ஊறலும் கட்டிக் கொடுத்தார். "உன் அம்மாவிடம் கேள், சரம் பின்னும்போது அவருக்கும் கட்டைவிரல் ஓரம் வெடித்துப்போகுமா என்று." கேட்கத் தேவையில்லை. அந்தக் கட்டைவிரலுக்கு நான் எத்தனையோ இரவு தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன். அதைச் சொன்னதும் தன் கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். நகத்தை ஒட்டி, அதே இடத்தில், வெள்ளையாகத் தழும்பு.

பத்தாம் நாள் – பிப்ரவரி 15

ஷென்சென். காலையில் எழுந்ததும் காது எதையோ தேடியது. இந்த நகரத்தில் வெடிக்கு அனுமதி இல்லை. கீழே நூடுல்ஸ் கடை திறந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் சரம் ஒன்றைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தார்கள், சிவப்பு விளக்கு மினுங்க ஒலிபெருக்கியிலிருந்து பதிவுசெய்த சத்தம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கார அம்மா மட்டும் அது ஓடி முடியும் வரை கைகூப்பி நின்றார்.

இரவு எட்டரைக்கு நண்பன் போனை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். வீடியோவில் அம்மா. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் பின்னால் சரம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பக்கம். நீளமான சரம், விடிகாலையில் கேட்டது போல் இல்லை, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"குழந்தையாம்மா?" என்று கத்தினேன்.

அம்மா தலையை ஆட்டினார். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீட்டுக்குள் கொண்டுவருகிறார்களாம். தூக்கம் கெடக் கூடாது என்று இதையும் வயலின் கடைசியில்தான் போடுகிறார்களாம். போனை ஜன்னலுக்கு வெளியே திருப்பிப் பிடித்தார். இருட்டில் தூரத்தில் வெளிச்சம் துள்ளியது. சரம் முடியும் வரை மூன்று பேரும் பேசவில்லை.